நாலு கேள்வி கேட்கப் போகாதீர்கள்

கேள்வி: என்னோடு வேலை பார்க்கும் பெண் கொஞ்ச நாளாகக் கழுத்தை மூடிக்கொண்டே வருகிறார். துணி விலகியபோது விரல் பதிந்த தடம் தெரிந்தது. குரலும் கம்மிக் கிடக்கிறது. கேட்டால் "தடுமாறி விழுந்துட்டேன்" என்கிறார். அவர் கணவரைப் பார்த்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கத் தோன்றுகிறது. போகலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: போகாதீர்கள். நீங்கள் கேட்டுவிட்டு வந்துவிடுவீர்கள். கதவைச் சாத்திய பிறகு அடி அந்தப் பெண்ணுக்குத்தான் விழும். அதிலும் நீங்கள் ஆண். "யாருடி அவன்?" என்று தொடங்க அது ஒன்று போதும்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது கழுத்தும் குரலும். கன்னத்தில் அறைவதும் கழுத்தை நெரிப்பதும் ஒன்றல்ல. ஒருமுறை கழுத்தை நெரித்த துணைவரின் கையால் பிறகு கொல்லப்படும் அபாயம் ஏழு மடங்குக்கும் மேல் என்கிறது 2008-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு. பலருக்கு வெளியே தடயமே இருக்காது. குரல் கம்முவது, விழுங்கும்போது வலி, கண்ணின் வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள், தலைசுற்றல், இவைதான் காட்டிக்கொடுக்கும். உள்ளே ரத்தக்குழாய் கிழிந்திருந்தால் சில நாள் கழித்தும் பக்கவாதம் வரலாம். ஆகவே முதலில் டாக்டர். அங்கேயும் விழுந்துவிட்டதாகச் சொன்னால் அந்தக் கோணத்தில் பார்க்கவே மாட்டார்கள்.

அவரிடம் அலுவலகத்திலேயே, தனியாகப் பேசுங்கள். மெசேஜ் வேண்டாம், போன் யார் கையில் இருக்கிறதோ! "கழுத்தைப் பார்த்தேன். வீட்டில் யாராவது கை வைக்கிறார்களா?" என்று நேராகவே கேளுங்கள். மறுத்தால் துருவாதீர்கள்; எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம் என்று மட்டும் சொல்லிவையுங்கள். ஒப்புக்கொண்டால் நம்புங்கள். "ஏன் இன்னும் அங்கேயே இருக்கீங்க?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பிரிந்து கிளம்பும் நாட்கள்தான் மிக ஆபத்தானவை. அது உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். பெண்கள் உதவி மையத்தோடு பேசி, சான்றிதழ்கள், கொஞ்சம் பணம், போய்ச் சேர ஓர் இடம் என்று எல்லாம் ஏற்பாடான பிறகுதான் கிளம்ப வேண்டும். அந்தப் பேச்சுக்கு அலுவலக போன் உதவும்.

'வீட்டு விவகாரம்' என்று நிர்வாகமும் கைகழுவக் கூடாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-ல் நிறைவேற்றிய 190-ஆவது உடன்படிக்கை, குடும்ப வன்முறை வேலையிடத்தில் ஏற்படுத்தும் பாதிப்பையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. விடுப்பு, ஷிப்ட் மாற்றம், அவரைத் தேடி யார் வந்தாலும் உள்ளே விடாதபடி வாசலில் ஒரு வார்த்தை என்று செய்ய நிறைய இருக்கிறது. ஆனால் அவர் சம்மதிக்காமல் எச்.ஆர். காதில் போடாதீர்கள். உயிருக்கே ஆபத்து என்று பட்டால் மட்டும் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் போலீசைக் கூப்பிடுங்கள்.