உடன்குடி நிலத்துக்குப் பவர் கொடுக்கலாமா: பதில்

நீங்க பெங்களூரில், அப்பா உடன்குடிப் பக்கம் பனைநிலத்தோடு தனியாக. 'ராக்கெட் கம்பெனிகள் வருது, பவர் (அப்பாவுக்குப் பதிலாக நிலத்தை விற்கும் அதிகாரப் பத்திரம்) எழுதிக்கொடுங்க, நல்ல விலைக்கு முடிச்சுத் தரேன்' என்று தரகர் வாசலிலேயே நிற்கிறார், அதானே? பவர் மட்டும் வேண்டவே வேண்டாம். பக்கத்துக் குலசேகரன்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியிலேயே அடிக்கல் நாட்டியாச்சு, இனி அரசுக்கு நிலம் தேவைப்பட்டாலும் நோட்டீஸ் அப்பா பெயருக்குத்தான் வரும், தரகர் பைக்குள் வராது.

இன்னொன்று, அங்கே கிளம்பப்போவது எஸ்எஸ்எல்வி மாதிரிச் சின்ன ராக்கெட்டுகள். இலங்கையைச் சுற்றாமல் நேராகத் தெற்கே போகலாம் என்பதுதான் அந்த இடத்தின் மவுசு. ஆனால் பாகங்கள் கடைவது இங்கே பெங்களூரில். நான் இருக்கும் பீன்யா பட்டறையில் செயற்கைக்கோளுக்கான அலுமினியத் துண்டுகளை எண்ணெய் சொட்டச் சொட்டக் கடைகிறோம், வாங்குகிற தனியார் கம்பெனியும் இதே ஊர்தான். உடன்குடிப் பக்கம் வருவது லாட்ஜ், கேன்டீன், டிரைவர் வேலை. ஏவும் நாளில் மீனவர்களைக் கடலுக்கு விடவும் மாட்டார்கள் (அதைத் தரகர் சொல்லமாட்டார்).

விற்றே ஆகணும்னா முதலில் வில்லங்கச் சான்று எடுங்க, பட்டாவில் பெயர் சரியா பாருங்க, அப்புறம் அப்பாவே சார்பதிவாளர் முன் நேரில் கையெழுத்துப் போடட்டும். அவசரம் இல்லையென்றால் பனையைப் பாட்டத்துக்கு (குத்தகைக்கு) விடுங்க. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடே இருக்கு.