பி செல் பூஜ்யம் என்று வந்தால் எதிர்ப்பு சக்தியே போய்விட்டதா?

கேள்வி: முடக்குவாதத்துக்காக என் அம்மாவுக்கு ரிடுக்சிமாப் மருந்தை டிரிப்ஸில் ஏற்றினார்கள். இப்போது ரத்தப் பரிசோதனையில் பி செல் பூஜ்யம் என்று வந்திருக்கிறது. அம்மாவுக்கு எதிர்ப்பு சக்தியே இல்லாமல் போய்விட்டதா?

பதில்: பதற வேண்டாம். மருந்து வேலை செய்கிறது என்பதைத்தான் அந்தப் பூஜ்யம் சொல்கிறது.

பி செல்கள் ரத்த வெள்ளை அணுக்களில் ஒரு வகை. கிருமிகளை எதிர்க்கும் ஆன்டிபாடி என்ற புரதங்கள் இவற்றிலிருந்துதான் வருகின்றன. ரிடுக்சிமாபும் ஓர் ஆன்டிபாடிதான், ஆய்வகத்தில் உருவாக்கியது. பி செல்களின் மேல் சிடி20 என்ற புரதம் இருக்கும். அதைத் தேடிப் போய் இது ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அம்மாவின் உடம்பிலேயே இருக்கும் என்.கே. செல்கள், மேக்ரோஃபேஜ்கள் என்ற பாதுகாப்புச் செல்கள் அந்த பி செல்லைத் தீர்த்துக்கட்டும். மூட்டைத் தாக்கும் ஆன்டிபாடிகளுக்கு மூலம் பி செல்கள்தான். டி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்களைத் தூண்டிவிடுவதிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு. அதனால்தான் அவற்றைக் குறிவைக்கிறார்கள். வலி உடனே குறையாது. முழுப் பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு மாதம்கூட ஆகலாம்.

ரிப்போர்ட்டை இன்னொரு முறை பாருங்கள். பூஜ்யம் என்பது பெரும்பாலும் சிடி19 என்ற வரிக்கு நேராக இருக்கும். சிடி20-ஐ மருந்தே மறைத்துவிடுவதால், பி செல்லின் மேல் இருக்கும் இன்னொரு புரதமான சிடி19-ஐ வைத்து எண்ணுகிறார்கள். அதுவும் ரத்தத்தில் உள்ள கணக்கு மட்டுமே. நிணநீர் முடிச்சுகளில் கொஞ்சம் பி செல்கள் மிஞ்சியிருக்கும்.

புது பி செல்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையின் ஸ்டெம் செல்களிலும், ஆன்டிபாடி சுரக்கும் பிளாஸ்மா செல்களிலும் சிடி20 கிடையாது. அதனால் மருந்து அவற்றைத் தொடாது. பழைய தடுப்பூசிகள் தந்த பாதுகாப்பு பெருமளவு நிற்பதும், பலருக்கு 6 முதல் 12 மாதத்தில் பி செல்கள் திரும்ப வருவதும் இதனால்தான். டி செல்களும் இருக்கின்றன.

ஆனால் புதிய கிருமியையோ புதிய தடுப்பூசியையோ எதிர்கொள்வதில் இப்போது பலவீனம் உண்டு, இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கொரோனா தடுப்பூசி போட்டும் இந்த மருந்து எடுத்தவர்களில் பலருக்கு ஆன்டிபாடி சரியாக உருவாகவில்லை. எந்தத் தடுப்பூசியை எப்போது போடலாம் என்று அடுத்த டோஸுக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகள் இப்போது கூடவே கூடாது. ஹெபடைடிஸ் பி பரிசோதனை முன்பே செய்தார்களா என்று பாருங்கள். பழைய தொற்று இருந்தால் இந்த மருந்து அதைக் கிளப்பிவிடலாம். ரத்தத்தில் ஐஜிஜி என்ற ஆன்டிபாடியின் அளவையும் அவ்வப்போது பார்க்கச் சொல்லுங்கள், திரும்பத் திரும்ப ஏற்றும்போது சிலருக்கு அது இறங்கும்.

காய்ச்சல் வந்தால் மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். ரிடுக்சிமாப் ஏற்றிய தேதியை மறக்காமல் சொல்லுங்கள்.