வாசகர் கேள்வி: வெள்ளை சீல் குட்டியைப் பார்க்க எப்போது போகலாம்?

கேள்வி: கனடாவில் உறைந்த கடல்மேல் சீல் குட்டிகளைக் கிட்டத்தில் பார்க்கலாமாமே? நான், கணவர், 12 வயது மகள் மூவரும் போக ஆசைப்படுகிறோம். ஏர்கோன் குளிரே எங்களுக்கு ஆகாது. என்னென்ன வாங்க வேண்டும்?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: நீங்கள் கேட்பது ஹார்ப் சீல். செயிண்ட் லாரன்ஸ் வளைகுடாவில், மாக்டலேன் தீவுகளை ஒட்டிய பனியில் பிப்ரவரி கடைசி முதல் மார்ச் நடு வரை குட்டி போடும். தீவிலிருந்து ஹெலிகாப்டரில் கொண்டுபோய்ப் பனிமேல் இறக்குவார்கள். தாய் பால் கொடுப்பது ஏறக்குறைய 12 நாள்தான். பிறந்தபோது 10 கிலோ அரிசிப் பை கனமே இருந்த குட்டி அதற்குள் 35 கிலோவைத் தொட்டுவிடும். தாய்ப்பாலில் பாதிக்குக் கிட்டக் கொழுப்பு! பால்குடி முடிந்ததும் தாய் போய்விடும், வெள்ளை முடியும் உதிரத் தொடங்கும். மார்ச் முதல் வாரத்தைக் குறிவையுங்கள்.

டிக்கெட் போடுமுன் ஒன்றை மனதில் வையுங்கள்: பனி கட்டினால்தான் பயணம். 2010-இல் வளைகுடாவில் பனி மிகக் குறைவு. நல்ல பனி இருந்தாலும் காற்றோ மூடுபனியோ வந்தால் ஹெலிகாப்டர் கிளம்பாது. தீவில் 3 நாளாவது கையில் இருக்கட்டும். பயணம் ரத்தானால் எவ்வளவு பணம் திரும்பும், மகளின் வயதுக்கு அனுமதி உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மலேசியக் கடப்பிதழுக்குக் கனடா விசா தேவை. கைரேகையும் கொடுக்க வேண்டும். அமெரிக்கா வழியாக விமானம் மாறினால் அதற்கும் தனி விசா எடுக்க வேண்டும். அந்த வழியே வேண்டாம்.

உடம்போடு ஒட்டும் துணி பருத்தியாக இருக்கவே கூடாது. வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பைச் சில்லிட வைத்துவிடும். கம்பளி அல்லது பாலியஸ்டர் உள்ளாடை, அதன்மேல் ஃபிளீஸ் என்ற மெத்தென்ற செயற்கை இழைச் சட்டை, வெளியே காற்றுப் புகாத ஜாக்கெட். ஜாக்கெட்டுக்கு முதலில் பழைய துணி விற்கும் பண்டல் கடையில் தேடுங்கள். பூட்ஸ் ஓர் அளவு பெரிதாக இருக்கட்டும். இறுகினால் இரத்த ஓட்டம் குறைந்து விரல் மரத்துப்போகும். கேமரா பேட்டரி உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் இருக்கட்டும். குளிரிலிருந்து அறைக்குள் நுழையும் முன்பே கேமராவை ஜிப் பையில் போட்டு மூடிவிடுங்கள். ஏர்கோன் காரிலிருந்து இறங்கியதும் மூக்குக்கண்ணாடி மங்குமே, அதேதான் லென்ஸுக்கும் நடக்கும்.

பனித்துளைக்கும் குட்டிக்கும் நடுவில் நிற்காதீர்கள். அந்தத் துளை வழியாகத்தான் தாய் தலை தூக்கும். ஈர மீசையும் கறுத்த கண்ணும் மட்டும் தெரியும். மேலே ஏறி வந்து குட்டியை மூக்கோடு மூக்கு வைத்து முகர்ந்து பார்க்கும். தன் குட்டியை வாசனையில்தான் அறிகிறது. ஆகவே மகள் கெஞ்சினாலும் தொட விடாதீர்கள்.

செலவு கட்டுப்படியாகாவிட்டால் ஜப்பானின் ஹொக்கைடோவுக்குப் போகலாம். மலேசியர்களுக்கு 90 நாள் வரை விசா வேண்டாம். பிப்ரவரியில் அபாஷிரி, மொன்பெட்சு துறைமுகங்களிலிருந்து பனியுடைக்கும் கப்பல்கள் போகும். மிதக்கும் பனியில் சீல் தென்படுவது அதிர்ஷ்டம்தான். மொன்பெட்சுவில் உள்ள டொக்காரி மையத்தில், அடிபட்டும் தாயைப் பிரிந்தும் கரையொதுங்கிய சீல்களை வைத்துப் பராமரிக்கிறார்கள். அங்கே நிச்சயம் பார்க்கலாம்.