இ.சி.இ. படிக்கும் மகள் ஏ.ஐ. பக்கம் போக வேண்டுமா?

மதிப்பிற்குரிய அம்மா,

மூன்றாம் ஆண்டு இ.சி.இ. (எலெக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன் பொறியியல்) படிக்கும் உங்கள் மகள், தன் துறைக்கு இனி எதிர்காலம் இல்லை என்று அஞ்சி, பெருந்தொகை கட்டி ஏ.ஐ. (செயற்கை நுண்ணறிவு) சான்றிதழ் வகுப்பில் சேர விரும்புவதாக எழுதியிருந்தீர்கள். அந்தப் பணத்தை இப்போது கட்ட வேண்டாம். அவருடைய துறையும் அவர் விரும்பும் துறையும் சேர்ந்தே தேவைப்படும் இடம் ஒன்று இருக்கிறது: செல்போன் கோபுரங்கள்.

இன்றைய 5ஜி கோபுரங்களில் 64 ஆன்டெனாக்கள் வரை சேர்ந்து இயங்கி, ஒரே நேரத்தில், ஒரே அலைவரிசையில் பலருக்குத் தரவு அனுப்புகின்றன. இந்தப் பல ஆன்டெனா முறையின் முன்னோடிகளில் ஒருவர், தகவல் தொடர்புத் துறைக்கான மார்க்கோனி பரிசை 2014இல் பெற்ற, பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். ஒருவருக்குச் செல்லும் சிக்னல் மற்றவருக்கு இடையூறாகாமல் இருக்க, ஒவ்வொரு போனுக்கும் தனக்கும் இடையே அலை எந்த நிலையில் பயணிக்கிறது என்பதைக் கோபுரம் அறிந்திருக்க வேண்டும். பேருந்தில் செல்பவருக்கோ அது சில மில்லிவினாடிகளில் மாறிவிடும். போன் அந்த நிலையை அளந்து கோபுரத்துக்குத் திரும்பத் திரும்பத் தெரிவிப்பதிலேயே அலைக்கற்றையின் ஒரு பகுதி செலவாகிவிடுகிறது. இங்கேதான் ஏ.ஐ.யின் அடிப்படையான இயந்திரக் கற்றல் உதவுகிறது: போனில் உள்ள நியூரல் நெட்வொர்க் (தரவுகளிலிருந்து கற்றுக்கொள்ளும் மென்பொருள்) அளவீட்டைச் சுருக்கி அனுப்ப, கோபுரத்தில் உள்ள அதன் இணை அதை விரித்துக்கொள்கிறது. 5ஜி தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பே தன் தரநிலைகளின் 18ஆம் வெளியீட்டில் இதை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது.

ஆனால் நகரத் தெருக்களின் அளவீடுகளில் பயிற்சி பெற்ற இத்தகைய நெட்வொர்க், மலைப்பகுதியில் தடுமாறக்கூடும். அது ஏன் என்று கண்டறிய, அலை எப்படிச் சிதறுகிறது, இரைச்சல் எப்படி நடந்துகொள்கிறது என்பவை தெரிந்திருக்க வேண்டும். பைத்தான் என்ற நிரல்மொழியை மட்டும் கற்றவருக்கு அது கைவராது. உங்கள் மகள் இப்போது சலிப்போடு படிக்கும் பாடங்கள் இவைதான் என்பதை அவரிடம் அவசியம் சொல்லுங்கள்.

நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, டிஜிட்டல் கம்யூனிகேஷன் ஆகிய மூன்றையும் அவர் ஆழமாகப் படிக்கட்டும். இறுதியாண்டு புராஜெக்ட்டையும் இதிலேயே எடுக்கலாம். என்விடியா நிறுவனம் இலவசமாகத் தரும் சியோனா மென்பொருளில், கோபுரத்தையும் பயனர்களையும் கணினியிலேயே அமைத்துச் சோதித்துப் பார்க்க முடியும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தத் துறையின் வேலைகள் ஐ.டி. வேலைகளைப் போல வளாகத் தேர்வில் கூட்டமாக ஆள் எடுக்கும் வேலைகள் அல்ல. பெரும்பாலும் முதுநிலைப் படிப்பை எதிர்பார்ப்பவை. அதற்கு வழி கேட் தேர்வு. மூன்றாம் ஆண்டு மாணவர்களும் அதை எழுதலாம். வீட்டுக்கு உடனே வருமானம் தேவையென்றால், கிடைக்கும் வேலையில் சேர்ந்துகொள்ளட்டும். கேட் மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும்.