பறவையியலாளர் சாலிம் அலி பெயரில் ஒரு வௌவால் இருக்கிறதாமே, அது எங்கே இருக்கிறது, அதில் அப்படி என்ன விசேஷம்?

இருக்கிறது. முதன்முதலில் பிடித்ததே நம் தேனி மாவட்டத்து மேகமலையில்தான். தமிழில் சாலிம் அலி பழ வௌவால் என்று எழுதுகிறோம், அறிவியல் பெயர் லாடிடென்ஸ் சாலிமாலி. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இது இருப்பதாகப் பதிவு இல்லை.

விசேஷம் என்ன என்று கேட்டீர்கள். புலி, சிங்கம், சிறுத்தை மூன்றும் ஒரே பேரினத்துக்குள் அடங்கிவிடும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்த வௌவாலை அப்படி ஏற்கனவே இருந்த எந்தப் பேரினத்திலும் சேர்க்க முடியவில்லை, இதற்கென்றே ஒரு பேரினத்தை உண்டாக்க வேண்டியிருந்தது, இன்றைக்கு வரை அதில் இது ஒன்றுதான் இருக்கிறது. பல லட்சம் வருஷம் தனியாகப் பிரிந்து வந்த ஒரு கிளையின் மிச்சம், சின்னமனூரிலிருந்து பார்த்தால் தெரிகிற மலையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. எனக்கு இது சின்ன விஷயமாகவே படவில்லை. விலங்கியல் படித்த இரண்டு வருஷமும் மதுரையில்தான் இருந்தேன், இந்தப் பெயரை நான் கேள்விப்பட்டதே கடைசிப் பருவத்தில்தான்.

சரி, கதைக்கு வருகிறேன். 1948-ல் ஆங்கஸ் ஹட்டன் என்பவர் அந்த மலையில் தோட்டத் தொழிலில் இருந்தார். மேகமலையை வெள்ளைக்காரர்கள் ஹைவேவி மலை என்றார்கள், இன்றும் மேலே உள்ள ஊரை ஹைவேவிஸ் என்றுதான் சொல்கிறோம். அப்போது தேனி மாவட்டம் என்று ஒன்று கிடையாது, எல்லாம் மதுரை ஜில்லா. ஹட்டனுக்குப் பாம்பு, பாலூட்டி என்று எதைப் பார்த்தாலும் குறித்து வைக்கும் பழக்கம். ஏறத்தாழ 750 மீட்டர் உயரத்தில், காட்டுக்கு நடுவே காப்பியும் ஏலமும் போட்டிருந்த இடத்தில் ஒரு பழ வௌவால் அவருக்குக் கிடைத்தது. அதைப் பாடம் செய்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே அதைக் குட்டைமூக்குப் பழ வௌவால் என்று பதிந்து பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள்.

குட்டைமூக்குப் பழ வௌவாலை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். ராத்திரி வாழைப்பூவைச் சுற்றுவது, கொய்யாவைக் கவ்விக்கொண்டு போய் வேறு மரத்தில் உட்கார்ந்து தின்பது, வீட்டு வராந்தாவில் சக்கையைத் துப்பிவிட்டுப் போவது எல்லாம் பெரும்பாலும் அதன் வேலைதான். இந்தியாவில் மிகச் சாதாரணமான வௌவால்களில் ஒன்று. ஹட்டன் அனுப்பியதும் கிட்டத்தட்ட அதே அளவு, அதே மாதிரி நாய்முகம், அதே பழுப்பு. அதனால் சீட்டு எழுதியவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அளவை வைத்து மட்டும் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். சாலிம் அலி வௌவாலின் முன்கை நீளம் 66 முதல் 69 மில்லிமீட்டர் வரை இருக்கும், குட்டைமூக்கு வௌவாலும் அதே கணக்குக்குள் வந்து போகும்.

இருபத்திரண்டு வருஷம் அந்தப் பெட்டியைத் திறந்து சந்தேகத்தோடு பார்க்க ஆள் வரவில்லை. 1970-ல் தாய்லாந்தைச் சேர்ந்த விலங்கியலாளர் கிட்டி தொங்லோங்யா பம்பாயில் அதை எடுத்துப் பார்த்தார். சாதாரண ஆள் இல்லை அவர். இரண்டு வருஷத்துக்கு முன்புதான், 1968-ல், தாய்லாந்தின் புவெங் போரபெட் ஏரியில் கிடைத்த ஒரு குருவியை உலகத்துக்கே புதிய பறவை என்று விவரித்திருந்தார். அவர் இந்த வௌவாலின் வாயைப் பார்த்திருக்கிறார்.

பல்தான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. குட்டைமூக்கு வௌவாலுக்கு முன்னால் வெட்டுப்பற்கள் மேலே இரண்டு ஜோடி, கீழே இரண்டு ஜோடி. இதற்கு மேலே ஒரே ஜோடி, கீழேயும் ஒரே ஜோடி. கன்னத்துப் பற்களோ அகலமாக இருந்தன. லத்தீனில் லாடுஸ் என்றால் அகலம், டென்ஸ் என்றால் பல், லாடிடென்ஸ் என்ற பெயர் அப்படி வந்தது. வெளியே தெரிகிற வாலும் இதற்குக் கிடையாது, குட்டைமூக்குக்குச் சின்னதாக ஒரு வால் உண்டு. காது ஓரத்தில் குட்டைமூக்குக்கு இருக்கிற வெளிறிய விளிம்பும் இதற்கு இல்லை. 1972-ல் கழகத்தின் ஆய்விதழில் புதுப் பேரினம், புது இனம் என்று தொங்லோங்யா வெளியிட்டார். அந்தக் கழகத்தோடு வாழ்நாள் முழுக்கப் பிணைந்திருந்த பறவையியலாளர் சாலிம் அலியின் பெயரை இனத்துக்கு வைத்தார். உலகமெல்லாம் பறவைக்காரர் என்று அறிந்த ஒருவரின் பெயர் வௌவாலுக்கு வந்தது இப்படித்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தொங்லோங்யா 1974-ல் இறந்துபோனார், ஐம்பது வயதைக்கூடத் தொடவில்லை. அவர் தாய்லாந்துக் குகைகளில் பிடித்து வைத்திருந்த, ஒருவர் கட்டைவிரல் நுனியளவே உடம்புள்ள, 2 கிராம் எடைகொண்ட ஒரு வௌவாலை ஜான் எட்வர்ட்ஸ் ஹில் என்ற விலங்கியலாளர் அதே வருஷம் விவரித்து தொங்லோங்யாவின் பெயரையே சூட்டினார். உலகின் மிகச் சிறிய வௌவால் அது. மற்றவர் பெயரை வௌவாலுக்கு வைத்த மனிதர், தன் பெயர் வௌவாலுக்கு வருவதற்கு முன்பே போய்விட்டார். இதைப் படித்த அன்றைக்கு எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

பல் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம், இதை நானே கையால் செய்து பார்த்திருக்கிறேன். படிக்கும்போது ஒரு வாழைத் தோப்பில் மெல்லிய வலை கட்டிப் பழ வௌவால்களைப் பிடித்து அளந்து விடும் வேலைக்கு உதவியாளாகப் போனேன். கையில் தடித்த உறை, நெற்றியில் விளக்கு. வலையிலிருந்து சிக்கெடுத்து எடுக்கும்போது குட்டைமூக்கு வௌவால் கடிக்கும், சும்மா இல்லை, உறையை மீறி வலிக்கிற கடி. அளவு மட்டும் எடுத்து எழுதிவிட்டு விடலாம் என்று நான் அவசரப்பட்டபோது எங்கள் ஆசிரியர், "வாயைத் திறந்து பல்லை எண்ணாமல் பெயர் எழுதாதே" என்றார். அன்றிரவு வந்ததெல்லாம் குட்டைமூக்குதான், ஒவ்வொன்றின் பல்லையும் எண்ணினேன். அப்புறம் மேகமலைக் கதையை அவர் சொன்னபோதுதான் அந்தக் கண்டிப்பு ஏன் என்று புரிந்தது.

இனி அதன் வாழ்க்கை. பழ வௌவால் குடும்பத்தில் உலகம் முழுக்க ஏறக்குறைய 200 இனங்கள் உண்டு. பூச்சி தின்னும் வௌவால்கள் போல இவை தொண்டையிலிருந்து ஒலி எழுப்பி எதிரொலியால் வழி காண்பதில்லை. பெரிய கண்ணும் மோப்பமும்தான் இவற்றுக்குத் துணை. ரூசெட் வௌவால் என்னும் ஒரு கூட்டம் மட்டும் நாக்கைச் சொடுக்கி அந்த ஓசையால் இருட்டுக் குகைக்குள் போய் வரும். குட்டைமூக்கு வௌவால் பொதுவாகக் குகையை நாடுவதில்லை, ஆண் வௌவால் நெட்டிலிங்கம், கூந்தல்பனை போன்ற மரங்களில் இலைக் காம்பையும் கொப்பையும் கடித்துக் கூடாரம் மாதிரி ஆக்கிப் பெண் வௌவால்களைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். சாலிம் அலி வௌவாலின் பகல் இருப்பிடம் எது என்பது வெகுநாள் தெரியாமலே இருந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் வௌவால் ஆய்வுக்கு நீண்ட பாரம்பரியம் உண்டு, அங்கிருந்து சிங்காரவேலனும் மாரிமுத்துவும் 2003-ல் அது பகலில் தங்கும் ஒரு குகையைக் கண்டுபிடித்து எழுதினார்கள். தோப்பையும் தெருவையும் வீடாக்கிக்கொண்ட வௌவாலின் பெயரை எழுதி ஒட்டியிருந்த இந்த வௌவாலுக்கு மலைக்காடும் பாறை இடுக்கும் வேண்டும். இரண்டையும் ஒன்றென்று எழுதியதில் பெயர் மட்டும் தப்பாகவில்லை, அதற்கு என்ன தேவை என்பதும் மறைந்துபோனது.

அத்தி இனப் பழங்களும் உருத்திராட்ச மரத்தின் காட்டு உறவுகள் தரும் பழங்களும் அது தின்பவற்றில் அடக்கம். பழ வௌவால்கள் பழத்தை வாயில் வைத்து மென்று சாற்றை மட்டும் இறக்கிக்கொண்டு சக்கையைத் துப்பிவிடும். அத்தி விதை மாதிரிப் பொடி விதைகள் உள்ளே போய் அரை மணி நேரத்துக்குள் எச்சத்தில் வெளியே வந்துவிடும், அதற்குள் அது வேறு சரிவுக்குப் பறந்திருக்கும். குரங்கும் இருவாச்சியும் பகலில் செய்வதை இவை இருட்டில் செய்கின்றன.

உறவு முறை எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இதன் நெருங்கிய சொந்தங்கள் வட இந்தியாவில் இல்லை, தென்கிழக்கு ஆசியாவில் இருக்கின்றன. மலாய் தீபகற்பம், போர்னியோ, சுலவேசி பக்கத்துப் பழ வௌவால்களோடுதான் இதை ஒப்பிட வேண்டியிருக்கிறது. நடுவில் அத்தனை நூறு மைல் வறண்ட சமவெளி. பறக்கும் ஓணானும் நீலகிரி மரநாயும் இதே புதிரைத்தான் முன்வைக்கின்றன: ஒரு காலத்தில் ஈரக்காடு தொடர்ச்சியாக இருந்து, இடையில் காய்ந்துபோய், மேற்கு மலையில் ஒரு துண்டு தங்கிவிட்டது என்பது ஒரு விளக்கம். இந்த வௌவால் அந்தத் துண்டோடு தங்கிவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். அத்தாட்சி கேட்டால் அதன் தனிமையைத்தான் காட்ட முடியும்.

1972-க்குப் பிறகும் கையில் இருந்தது அந்த ஒரு பாடம் செய்த வௌவால் மட்டுமே. பால் பேட்ஸும் டேவிட் ஹாரிசனும் முனியும் சேர்ந்த குழு 1993-ல் மேகமலையில் அதை உயிரோடு மறுபடி பிடித்தது, ஹட்டனுக்கு அப்புறம் 45 வருஷம் கழித்து. பின்னால் களக்காடு முண்டந்துறைப் பக்கமும், மலையின் கேரளச் சரிவிலும் இருப்பது தெரிய வந்தது. சாலிம் அலி 1987-லேயே காலமாகிவிட்டார், தன் பெயர் கொண்ட வௌவால் திரும்பக் கிடைத்ததை அவர் பார்க்கவில்லை.

இந்த வௌவாலை ஏன் அதிகம் பேருக்குத் தெரியவில்லை என்பதற்குச் சட்டத்திலும் ஒரு காரணம் இருக்கிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் காகம், எலி, சுண்டெலியோடு பழ வௌவால்களையும் தீங்குயிர் என்று சேர்த்திருந்தார்கள், அதாவது யார் வேண்டுமானாலும் கொல்லலாம். சாலிம் அலி வௌவாலுக்கு மட்டும் பிற்பாடு முதல் அட்டவணையில் இடம் கிடைத்தது, புலிக்குரிய அதே அட்டவணை. ஆனால் வலையில் மாட்டியது எந்தப் பழ வௌவால் என்று யார் பிரித்துப் பார்ப்பார்கள்? பல்லை எண்ணியா கொல்வார்கள்? 2022-ல் சட்டத்தைத் திருத்தி, அந்தத் தீங்குயிர் அட்டவணையையே எடுத்துவிட்டார்கள், 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. நான் மனதார வரவேற்ற திருத்தம் அது. உலகச் சிவப்புப் பட்டியலில் இந்த வௌவால் இன்னும் அழியும் அபாயத்தில் உள்ள இனங்களோடுதான் இருக்கிறது. ஆஸ்துமாவுக்கு மருந்து என்று வௌவாலைக் கொன்று தின்பது நம் பக்கம் இன்னும் முழுதாக நிற்கவில்லை. தயவுசெய்து நம்பாதீர்கள், அதனால் மூச்சிரைப்பு தீராது, மேலும் காட்டு வௌவாலை உரித்துக் கையாள்வது நமக்கே ஆபத்து. மேலே காடு தேயிலையாகவும் காப்பியாகவும் மாறியதில் ஏற்கனவே அதன் இடம் சுருங்கிவிட்டது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவித்தது இதற்கும் ஒரு கூரைதான்.

போனால் பார்க்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். நான் சின்னமனூரிலிருந்து அந்த 18 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி மேலே தங்கியிருக்கிறேன், இதைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. குகையைத் தேடிப் போகாதீர்கள், பகலில் ஆள் நுழைந்தாலே வௌவால்கள் இடத்தை விட்டுவிடும், வனத்துறை அனுமதியும் கிடைக்காது. மேகமலை போகிறவர்கள் இருட்டிய பிறகு, பழுத்திருக்கும் ஒரு அத்தி மரம் தங்குமிடத்துக்குப் பக்கத்தில் இருந்தால், விளக்கை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நில்லுங்கள். இறக்கை ஓசையும் பழம் விழும் சத்தமும் கேட்கும். வந்தது குட்டைமூக்கா, ரூசெட்டா, இல்லை இதுவா என்று கீழே நிற்கிற யாராலும் சொல்ல முடியாது, வாயைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.