'க்ரானிக்' என்றால் முற்றிய நோயா?

கேள்வி: எனக்கு வயது 47. இரண்டு வருடங்களாக மேல்வயிற்றில் எரிச்சல். கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது. எண்டோஸ்கோப்பி செய்து பயாப்ஸி எடுத்ததில், 'க்ரானிக் கேஸ்ட்ரைட்டிஸ், மாடரேட்; எச். பைலோரி உள்ளது, அட்ரோஃபி, மெட்டாபிளாசியா இல்லை' என்று வந்திருக்கிறது. க்ரானிக் என்றால் முற்றிய நோய் என்கிறார் உறவினர். இது புற்றுநோயில் கொண்டுபோய் விடுமா?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: உங்களைக் கலங்கவைத்த 'க்ரானிக்' என்ற அந்தச் சொல், இரைப்பையின் உட்சுவரில் அழற்சி, அதாவது கேஸ்ட்ரைட்டிஸ், நெடுநாளாக இருக்கிறது என்பதை மட்டுமே குறிக்கிறது, நோயின் கடுமையை அது சொல்வதில்லை. எரிச்சலை வைத்தும் கடுமையைக் கணிக்க முடியாது. வலியால் துடிப்பவரின் இரைப்பை ஏறக்குறைய நலமாக இருப்பதும், எந்தத் தொந்தரவும் இல்லாதவரின் உட்சுவர் தேய்ந்து மெலிந்திருப்பதும் உண்டு.

கடுமையைச் சொல்பவை, பயாப்ஸியில் எடுத்த, எள்ளளவே இருக்கும் அந்தச் சதைத் துணுக்குகள்தான். இரைப்பையின் கீழ்ப்பகுதியில் இரண்டு, வளைவில் ஒன்று, நடுப்பகுதியில் இரண்டு என ஐந்து துணுக்குகள் எடுப்பது முறை. அவற்றை நுண்ணோக்கியில் பார்ப்பவர், அழற்சி மைல்டா, மாடரேட்டா, சிவியரா என்று தரம் பிரிப்பதோடு, சுரப்பிகள் அழிந்துபோன அட்ரோஃபியும், அவை இருந்த இடத்தில் குடலுக்குரிய செல்கள் தோன்றும் மெட்டாபிளாசியாவும் உள்ளனவா என்றும் தேடுவார். அறிக்கையில் நான் முதலில் பார்ப்பது இவ்விரண்டைத்தான். ஏனெனில் இவை எவ்வளவு பரவியிருக்கின்றனவோ அவ்வளவுக்குப் புற்றுநோய் அபாயம் கூடும். பரவலாக இருப்பவர்களுக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை எண்டோஸ்கோப்பி தேவைப்படும். உங்களுக்கு இரண்டுமே இல்லை என்பது மிகவும் ஆறுதலான செய்தி.

மீதமிருப்பது எச். பைலோரி என்ற கிருமி. காரமும் கவலையுமே வயிற்றுப்புண்ணுக்குக் காரணம் என்று நம்பப்பட்ட காலத்தில், ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் 1984இல் இந்தக் கிருமியைத் தாமே குடித்து, தம் இரைப்பையில் அழற்சி உண்டானதைக் காட்டினார். 2005இல் ராபின் வாரனுடன் நோபல் பரிசும் பெற்றார். ஆகவே குழம்பில் மிளகாயைக் குறைத்தால் மட்டும் இது போகாது. மருத்துவர் தரும் ஆன்டிபயாடிக் மாத்திரைகளை, பெரும்பாலும் 14 நாட்கள், ஒரு வேளைகூட விடாமல் முடியுங்கள்; எரிச்சல் தணிந்ததும் பாதியில் நிறுத்துவதுதான் பலர் செய்யும் தவறு. முடித்து நான்கு வாரங்களாவது கழிந்தபின், மூச்சுப் பரிசோதனை அல்லது மலப் பரிசோதனை மூலம் கிருமி ஒழிந்ததா என்று உறுதி செய்யுங்கள். அதற்கு இரண்டு வாரங்கள் முன்பே அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை நிறுத்த வேண்டியிருக்கும். மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள். வலி மாத்திரைகள் பலவும் இரைப்பையைப் புண்ணாக்கும் என்பதால், மூட்டுவலி போன்றவற்றுக்கு நீங்களாக மாத்திரை வாங்கிப் போடாதீர்கள்.

காரணமின்றி எடை குறைந்தாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ மருத்துவரை விரைவில் பாருங்கள். வாந்தியில் இரத்தம் வந்தாலோ, மலம் தார் போலக் கறுத்தாலோ, அப்போதே மருத்துவமனைக்குச் சென்றுவிடுங்கள்.