கேம்பர்வேனில் டிவி வைத்தால் பிரிட்டனில் தனி லைசென்ஸ் எடுக்க வேண்டுமா?

வீட்டுக்கு டிவி லைசென்ஸ் (இங்கே டிவி பார்க்க ஆண்டுதோறும் கட்டணம் கட்டி எடுப்பது) இருக்கிறது, புதிதாக வாங்கப்போகும் கேம்பர்வேனுக்கும் (உள்ளேயே தங்கித் தூங்கும் வசதியுள்ள வேன்) தனியாகக் கட்டணுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தேவையில்லை.

மூன்று வருடம் முன்பு நாங்களும் ஒரு பழைய வேன் வாங்கி, முதலில் வேல்ஸுக்குப் போனோம். பக்கத்து இடத்தில் தங்கியிருந்த பெரியவர் எங்கள் கூரை ஆன்டெனாவைப் பார்த்துவிட்டு, "இதுக்குத் தனி லைசென்ஸ் எடுத்தாச்சா?" என்றார். அன்று ராத்திரி டிவியைப் போடவே இல்லை! வீட்டுக்கு வந்து விதிகளைப் படித்தால், லைசென்ஸ் டிவிப் பெட்டிக்கு இல்லை, முகவரிக்கு. அந்த முகவரியில் குடியிருப்பவர்கள் சொந்த உபயோகத்துக்கு எடுத்துப்போகும் வேன், படகு, காரில் இழுத்துப்போகும் கேரவன் எல்லாம் அதிலேயே அடங்கும். பெரியவரைக் குறை சொல்லவும் முடியாது. 1971 வரை இங்கே கார் ரேடியோவுக்குத் தனி லைசென்ஸ் இருந்தது.

கடற்கரைப் பக்கம் ஒரே இடத்தில் நிற்கும் ஸ்டேட்டிக் கேரவன் என்றால்தான் கவனம் வேண்டும். அங்கே டிவி ஓடும் நேரத்தில் வீட்டில் ஓடக் கூடாது. மாமியார் உங்கள் வீட்டில் சீரியல் பார்க்க, அதே நேரத்தில் நீங்கள் கேரவனில் மேட்ச் பார்த்தால் இன்னொரு லைசென்ஸ் வேண்டும். 2025 ஏப்ரலில் வந்த கட்டணப்படி அது ஆண்டுக்கு 174.50 பவுண்டாக இருந்தது.

போன், டேப்லெட் விதி இன்னும் வேடிக்கை. தன் பேட்டரியிலேயே ஓடும்வரை வெளியில் எங்கே பார்த்தாலும் வீட்டு லைசென்ஸ் போதும். ஆனால் யூனிவர்சிட்டி விடுதியில் இருக்கும் பையன் போனைச் சுவரில் சார்ஜுக்குச் செருகிக்கொண்டு நேரலை (சேனலில் ஒளிபரப்பாகும் நேரத்திலேயே) பார்த்தால், அவன் அறைக்குத் தனி லைசென்ஸ் வேண்டும். முதலில் படித்தபோது யாரோ விளையாடுகிறார்கள் என்றே நினைத்தேன்.

அப்புறம், "நாங்க பிபிசியே பார்க்கிறதில்லை, சன் டிவிதான்" என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. அது செல்லாது. எந்த நாட்டுச் சேனலாக இருந்தாலும், ஆப்பில் வந்தாலும், நேரலை என்றால் லைசென்ஸ் கட்டாயம். நெட்ஃபிளிக்ஸில் படம் பார்க்க லைசென்ஸ் தேவையில்லை. பிபிசியின் ஆப்பான ஐபிளேயரில் மட்டும் பழைய நிகழ்ச்சிக்கும் லைசென்ஸ் வேண்டும். மாட்டினால் அபராதம் 1,000 பவுண்டு வரை போகலாம்.

டிவியை எங்கே மாட்டுவது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். ஓட்டும்போது டிரைவர் கண்ணில் படம் படக் கூடாது. இது லைசென்ஸ் விஷயமில்லை, போக்குவரத்துச் சட்டம். நாங்கள் பின்னால், படுக்கைக்கு எதிரே மாட்டியிருக்கிறோம்.